ஒன்றுகூட மேலே வரவில்லை

அந்த அக்காவிடம் எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது. முதலில் கண்ணாடித் தொட்டியை ஒரு பார்வை பார்ப்பார். உள்ளே இறால்கள் பாசியைக் கிள்ளிக் கிள்ளித் தின்றுகொண்டிருந்தால் நம் பக்கம் திரும்புவார். இல்லையென்றால் நாம் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். வீடு தீப்பிடித்துவிட்டது என்று சொன்னால்கூட இறால் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள் என்று அவருடைய கணவர் கேலி செய்வார்.

அக்காவின் கணவரான அந்த அண்ணன் இப்போது உயிரோடு இல்லை. அக்காதான் அதற்குக் காரணம் என்று அக்கம்பக்கத்தில் பேசி முடித்துவிட்டார்கள். எனக்கும் அதில் பங்கு இருக்கிறது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இதை எழுதும்போதுகூட அவர்கள் பெயரைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

லாபிஸிலிருந்து சிகாமட்டுக்கு வேலைக்கு வந்த புதிதில் அவர்கள் வீட்டு மாடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தேன். எண்ணெய் எடுக்கும் செம்பனையின் கன்றுகளை விற்கும் ஓர் அலுவலகத்தில் எனக்குக் கணக்கெழுதும் கிராணி வேலை. வீடு, ஆற்றுக்குக் கொஞ்சம் தள்ளியிருந்த ஒரு குடியிருப்புத் தாமானில், வரிசை வீடுகளில் ஒன்று. அங்கே அவர்கள் இருவர் மட்டும்தான். மாடியில் மூன்று அறைகள். பின்னால் இருந்த சின்ன அறையில் கணவனும் மனைவியும் படுத்துக்கொண்டார்கள். நடு அறை எனக்கு. முன்னால் பால்கனியோடு இருந்த பெரிய அறை முழுவதும், அக்கா தொட்டிகளில் வளர்த்து விற்கும் அழகு இறால்களுக்கு. ஆறு ஏறினால் கீழே இருக்கும் சோபா போகட்டும், இறால் போகக் கூடாது என்பது அக்காவின் கணக்கு.

வீடு பார்க்கப் போன அன்று அக்கா என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. நான் இறால் அறைக்குள் நுழைந்ததும் பக்கத்துத் தொட்டியின் கண்ணாடியில் முகத்தை வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

"சென்டு அடிச்சிருக்கியா?" என்றார்.

"கொஞ்சமாத்தான் அக்கா."

"கீழ போயி முழங்கை வரைக்கும் சவுக்காரம் போட்டுக் கழுவிட்டு வா. அப்பறம் பேசலாம்."

கழுவிவிட்டு வந்த பிறகு சட்டதிட்டங்களைச் சொன்னார். மாடியில் கொசுவர்த்தி ஏற்றக் கூடாது. கரப்பான் மருந்து அடிக்கக் கூடாது. சாம்பிராணி கூடாது. அதற்காகவே சாமி மேடையைக் கீழே இறக்கியிருந்தார். சுவரோரமாக ஒரு பலகையில் காற்று பம்புகள் வரிசையாக உறுமிக்கொண்டிருந்தன. அவற்றிலிருந்து மெல்லிய குழாய்கள் ஒவ்வொரு தொட்டிக்கும் போயின.

"இந்தப் பம்பு என்னா செய்யுதுன்னு நெனைக்கற? இந்த ரூம்புல உள்ள காத்தத்தான் இழுத்து உள்ள விடுது. நீ எந்தக் காத்த மூச்சு விடுறியோ அதத்தான் இதுங்களும் மூச்சு விடுது. நமக்கும் இதுங்களுக்கும் ஒரே காத்து. அத ஞாபகத்துல வச்சுக்க."

நான் ஞாபகத்தில் வைத்துக்கொண்டேன். அந்தப் பேச்சில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. எத்தனையோ மாதங்கள் கழித்து, அதில் இருந்த குறை என்ன என்பதை ஒரு டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அக்கா பெரிய படிப்புப் படித்தவர் இல்லை. ஆனால் மூச்சு விஷயத்தில் அவருக்குத் தெரியாதது இல்லை என்று அப்போது எனக்குத் தோன்றும். குமிழிதான் தண்ணீருக்குள் காற்றைக் கரைக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். அக்கா சிரித்தார். "குமிழி போற அவசரத்துல என்னாத்தக் கரைக்கும்? அது மேல வந்து உடையறப்ப தண்ணிய ஆட்டுது பாரு. அங்கதான் காத்து உள்ள போவுது. ஆடாத தண்ணி மூடி போட்ட சட்டி மாதிரி" என்றார். தண்ணீர் கண்ணாடி போல் தெளிவாக, அசையாமல் இருந்தால் நமக்குத்தான் அழகு, அதற்குள் இருக்கிற உயிருக்கு அது கெட்ட செய்தி என்பார். மத்தியான வெயிலில் தண்ணீர் சூடானால் அதில் மூச்சு நிற்காது என்று ஒவ்வொரு தொட்டிக்கும் சின்ன விசிறி வைத்திருந்தார். வெளிச்சம் இல்லாத நேரத்தில் செடியும் பாசியும்கூட மூச்சுக்குப் போட்டியிடும் என்பதால் விடியற்காலையில் எழுந்து முதல் வேலையாகத் தொட்டிகளைத்தான் பார்ப்பார். வயிற்றில் முட்டை சுமக்கும் பெண் இறால், அடிக்கால்களால் விடாமல் விசிறிக்கொண்டே இருக்கும். அதை எனக்குக் காட்டி, "முட்டைக்கும் மூச்சு வேணும்மா. படுத்துத் தூங்க முடியுமா அவளால?" என்று ரகசியம் போலச் சொன்னார்.

அவர் பார்க்கும் அடையாளங்கள் இரண்டே இரண்டு. மூச்சு குறைந்தால் இறால்கள் அடியை விட்டு மேலே வந்து, தண்ணீர் விளிம்பில் தொங்கும். அடுத்தது நிறம். நல்ல மூச்சு இருந்தால் மிளகாய்ப்பழச் சிவப்பு. சோர்ந்துவிட்டால் வெளுத்துப் போகும். "மேல வரலையா, நெறம் வெளுக்கலையா, அப்ப ஒண்ணும் இல்ல" என்பார். மற்ற எதையும் அவர் நம்புவதில்லை. மனிதர்கள் கூட்டியும் குறைத்தும் சொல்வார்கள், இறாலுக்குப் பொய் சொல்ல வாய் இல்லை என்பார்.

இதற்கு நேர் எதிர் அண்ணன். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். ஆள் பார்க்கக் கடா மாதிரி இருப்பார், வாயைத் திறந்தால் வலிதான். தலைவலி, நெஞ்சு கரிப்பு, முட்டி பிடிப்பு, வாயு. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. கிளினிக்குக்குப் போனால் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்கு வந்து படியேறும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"ஏ புள்ள, இன்னிக்கி நெஞ்சு என்னமோ பண்ணுது."

அக்கா தொட்டியைப் பார்ப்பார். "எல்லாம் நல்லாத்தான் மேயுது. நீங்க போயி குளிங்க."

"நான் நெஞ்சுன்னு சொல்றேன், இவ இறாலப் பாத்துச் சொல்றா! கேட்டியா கிராணியம்மா?"

என்னைக் கிராணியம்மா என்றுதான் கூப்பிடுவார். நான் எப்போதும் அக்கா கட்சி. "அண்ணே, இறால் பாஸ் பண்ணிட்டா நீங்களும் பாஸ்" என்பேன். மூவரும் சிரிப்போம். அந்த வீட்டில் தினமும் நடந்த கூத்து இது. அண்ணனுக்கும் இது பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். நாங்கள் இருவரும் சேர்ந்து தன்னைக் கிண்டல் செய்வதற்காகவே சில நாள் வலி வந்தது போல நடிப்பார். அதனால் எது நடிப்பு, எது நிஜம் என்று எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது.

ஒருநாள் அக்கா லாபிஸில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, அண்ணன் பாசமாக நினைத்துக்கொண்டு, வேகவைத்த கீரையை எல்லாத் தொட்டியிலும் கைநிறையப் போட்டுவிட்டார். மறுநாள் காலையில் தண்ணீர் பால் கலந்தது போல ஆகிவிட்டது. அழுகிய கீரை மூச்சையெல்லாம் தின்றுவிட்டது. இறால்கள் விளிம்பு முழுக்க, வெளுத்துப்போய், வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அக்கா பதறவில்லை. வாளி வாளியாகத் தண்ணீரை மாற்றினார், இருந்த பம்புகளையெல்லாம் ஒரே பக்கம் திருப்பினார். பாதிக்கு மேல் பிழைத்தன. செத்தவற்றை ஒரு தட்டில் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து அழுதார். சத்தமே இல்லாமல் ஒரு மணி நேரம் அழுதார். பிறகு ஒரு வாரம் அண்ணனோடு பேசவில்லை.

அண்ணன் என்னிடம் வந்து முணுமுணுத்தார். "தப்புதான், நான் இல்லங்கல. ஆனா கிராணியம்மா, எனக்கு மூச்சு முட்டுச்சுன்னா இவ இப்படி அழுவாளா?"

"நீங்க தண்ணிக்கு மேல வந்து தொங்குங்க, அப்ப அழுவாங்க" என்றேன்.

அதற்கும் அவர் சிரித்தார். நான் சொன்னதை இன்றைக்கு நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

இறால்களை நான் முழுசாக நம்ப ஆரம்பித்தது டிங்கிக் காய்ச்சல் கொசுவுக்கு மருந்துப் புகை அடித்த நாளில்தான். ஒரு சாயங்காலம், அக்கா யாருக்கோ இறால் கட்டி அனுப்பத் தயார் செய்துகொண்டிருந்தார். அந்த வேலையைப் பார்ப்பதற்கே அழகாக இருக்கும். பிளாஸ்டிக் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதில் இறால்கள், ஒரு துண்டு பாசி. மூலையில் நின்ற ஆக்சிஜன் சிலிண்டரின் குழாயைப் பைக்குள் விட்டுத் திறப்பார். பை ஒரு நொடியில் உப்பும். கழுத்தைத் திருகி, மடித்து, ரப்பர் பேண்டை மூன்று சுற்றுச் சுற்றுவார். இரண்டு நாளைக்கு அதற்குள் இருக்கிற மூச்சு போதும். அன்று பாதிப் பையோடு கை நின்றது. தொட்டியில் இறால்கள் பைத்தியம் பிடித்தது போலக் கண்ணாடியில் மோதி மோதி நீந்தின.

"சன்னல சாத்து! எல்லா சன்னலையும் சாத்து!" என்று கத்திவிட்டு, பம்புகளின் மேல் ஈரத்துண்டைப் போட்டு மூடினார். பக்கத்து வீட்டுக்கும் குரல் கொடுத்தார். "காத்து கெட்டுப்போச்சு, பிள்ளைய உள்ள தூக்குங்க!" எங்கள் மூக்குக்கு எதுவும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் இரண்டு தெரு தள்ளி மருந்துப் புகை அடிக்கும் இயந்திரத்தின் சத்தம் கேட்டது, வெள்ளையாகப் புகை சந்துக்குள் நுழைந்தது.

"அலமாக்! எங்களுக்கு முன்னால உங்க இறாலுக்குத் தெரிஞ்சிருச்சே!" என்று பக்கத்து வீட்டம்மா அசந்துபோனார். நானும் அசந்துபோனேன். அக்கா மட்டும் அசரவில்லை. "கெட்ட காத்துன்னா மொதல்ல இதுங்கதான் சொல்லும்" என்றார். அதற்குப் பிறகு அண்ணன்கூட மாடி ஏறினால், அறைக்கு வெளியே நின்று தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

அது பூச்சி மருந்து. இறால் பூச்சிக்கு உறவு. அதனால்தான் துடித்தது. இதை அன்றைக்கு எங்களில் ஒருவராவது யோசித்திருக்கலாம்.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் மூன்று நாள் விடாமல் பெய்தது. ஆறு ஏறுகிறது என்று செய்தி வந்ததுமே அக்கா சொல்லிவிட்டார், மின்சாரம் போகும், ஜெனரேட்டர் வேண்டும் என்று. அண்ணன் இரவுச் சந்தையில் கடை போடும் ஒரு நண்பரிடமிருந்து இரவல் வாங்கி வந்தார். அந்த இரும்பு மெஷினைத் தனியாளாக மாடிக்கு ஏற்றினார். ஒவ்வொரு படிக்கும் ஒரு முறை "முதுகு போச்சு, முதுகு போச்சு" என்றார். அக்காவும் நானும் மேலே நின்று சிரித்துக்கொண்டிருந்தோம். தலைவலி என்று லோரியை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வருகிற மனிதர், இறாலுக்காக அதைத் தூக்கினார்.

மறுநாள் காலையில் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது. மணிக்கு ஒரு படி என்று ஏறியது. பசியாறக்கூட நேரமில்லாமல் கீழே இருந்த சாமான்களை மேலே ஏற்றினோம். மின்சாரம் நின்றது. பேட்டரி பம்புகள் மத்தியானம் வரைக்கும் ஓடின. பிறகு ஜெனரேட்டரை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தது.

முன் பால்கனியில் வைக்கலாம் என்றார் அண்ணன்.

"உங்களுக்கு என்னா மூளை இருக்கா? அதோட பொக பூராவும் இங்க வரும். பம்பு அத இழுத்து அப்படியே தொட்டிக்குள்ள விடும்."

அதனால் பின்னால் இருந்த குளியலறையில் வைத்தார்கள். அங்கே கண்ணாடிப் பட்டைகள் போட்ட சன்னல் ஒன்று உண்டு. புகைக்குழாயைச் சன்னல் பக்கம் திருப்பி, வயர் போகிற அளவுக்குக் கதவை ஒருக்களித்து வைத்தார்கள். குளியலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் படுக்கும் அறை. அக்கா இன்னும் ஒரு காரியம் செய்தார். இறால் அறையின் கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் ஈரத்துண்டை நீளமாகப் போட்டு அடைத்தார். கெட்ட காற்று இறால்களிடம் போகக் கூடாது. அவர் நினைத்ததெல்லாம் அதுதான். அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தார்.

மெஷின் ஓடத் தொடங்கியதும் வீடே அதிர்ந்தது. பேச வேண்டுமானால் கத்த வேண்டும். பம்புகள் உயிர் பெற்றன. எல்லாத் தொட்டியிலும் குமிழிகள் எழுந்தன. அக்கா முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

நான் படிக்கட்டுக்கும் நடு அறைக்கும் நடந்து, நனைந்த துணிகளை உலர்த்திக்கொண்டிருந்தேன். பெட்ரோல் வாடை அடித்தது. ஆனால் வெள்ளத் தண்ணீரிலும் அன்று எண்ணெயும் சேறும் சாக்கடையும் கலந்துதான் வந்தன. எது எந்த வாடை என்று யார் பிரித்துப் பார்ப்பது? ஒரு மணி நேரம் போனபோது என் நெற்றிக்குள் யாரோ கட்டை விரலை வைத்து அழுத்துவது போல வலித்தது. கொஞ்சம் குமட்டியது. இறால் அறைக்குள் போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

கதவைத் திறந்துகொண்டு அண்ணன் வந்து நின்றார். சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏ புள்ள, தலை கிர்ருங்குது. காலு ரெண்டும் என்னோடது மாதிரியே இல்ல. அந்தப் பொகதான்னு நெனைக்கறேன். மெஷின கொஞ்ச நேரம் நிப்பாட்டிப் பாக்கலாமா?"

அக்கா தொட்டியைப் பார்த்தார். ஒரு தொட்டியை மட்டுமல்ல, ஒவ்வொரு தொட்டியாக, வரிசையாக எல்லாவற்றையும் பார்த்தார். நானும் பார்த்தேன். சிவப்புச் சிவப்பாகப் பாசி மேல் உட்கார்ந்து மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்றுகூட மேலே வரவில்லை.

"பொகன்னா இதுங்களுக்குத் தெரியாம போவுமா? அன்னிக்கி ரெண்டு தெருவுக்கு அந்தால அடிச்சதுக்கே என்னா குதி குதிச்சிச்சு. மெஷினத் தூக்குன களப்பு உங்களுக்கு. வயித்துலயும் ஒண்ணும் இல்ல" என்றார்.

அதன் பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். அதுவரை அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. தொட்டியை விட்டுத் திரும்பி, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"உனக்குத் தலை வலிக்குதாம்மா?"

வலித்தது. அந்த நிமிடம் கண்ணுக்குப் பின்னால் துடிக்கத் துடிக்க வலித்தது. ஆனால் எதிரில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு வலி என்றால் எங்களுக்குச் சிரிப்பு. அந்தப் பழக்கம் என் வாயில் தயாராக இருந்தது.

"இல்லக்கா. எனக்கு ஒண்ணும் இல்ல. அண்ணனுக்குத்தான் எப்பவும் எங்கயாச்சும் வலிக்கும்."

அண்ணன் சிரித்தார். "சரிலா. ரெண்டு டாக்டரும் சொல்லியாச்சு. அப்பறம் என்னா, நான் போயி கொஞ்சம் படுக்கறேன்" என்றார்.

கதவைச் சாத்திக்கொண்டு போனார். அக்கா துண்டைக் காலால் தள்ளி இடுக்கைத் திரும்ப அடைத்தார்.

நான் பால்கனிக்குப் போய் மழையில் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். வலி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. குளிர்ந்த தண்ணீர் பட்டதால் என்று நினைத்தேன். தெரு முழுக்கத் தண்ணீர். தூரத்தில் ஒரு படகு வீடு வீடாக நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. அண்ணன் கூப்பிட்டிருந்தாலும் அந்த மெஷின் சத்தத்தில் கேட்டிருக்காது. கூப்பிட்டாரா என்று எனக்குத் தெரியாது. இதை எத்தனை முறை யோசித்திருக்கிறேன் என்றும் தெரியாது.

ரொம்ப நேரம் கழித்து மெஷின் இருமி இருமி நின்றது. பெட்ரோல் தீர்ந்துவிட்டது. அந்த அமைதி எனக்குப் பயமாக இருந்தது. பம்புகள் நின்றன. குமிழிகள் நின்றன. அக்கா பாய்ந்து எழுந்து பேட்டரி பம்புகளை எடுத்தார். மிச்சமிருந்த பேட்டரிகளை ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொரு தொட்டிக்கும் குழாயை மாட்டினார். நானும் கூடவே மாட்டினேன். எல்லாம் ஓடுகிறது என்று பார்த்த பிறகுதான் கதவைத் திறந்து குரல் கொடுத்தார்.

"என்னங்க, பெட்ரோல் ஊத்தணும்."

இருவரும் பின் அறைக்குப் போனோம்.

அண்ணன் கட்டிலில் பக்கவாட்டில் படுத்திருந்தார். ஒரு கை சுவர்ப் பக்கம் நீண்டிருந்தது. அக்கா குனிந்து பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "நெறம் நல்லாத்தான் இருக்கு பாரு. தூங்கறாரு" என்றார். உண்மைதான். முகமும் உதடும் நல்ல சிவப்பாக இருந்தன. அவ்வளவு நல்ல நிறத்தில் அந்த மனிதரை நான் பார்த்ததே இல்லை. தொட்டுப் பார்த்த நான்தான் கத்தினேன்.

அப்போதுதான் அக்காவுக்குப் புரிந்தது. ஓடினார். ஆக்சிஜன் சிலிண்டரைத் தரையோடு இழுத்துக்கொண்டு வந்தார். இறால் கட்டும் பிளாஸ்டிக் பையை எடுத்து, குழாயை விட்டு, உப்பவைத்து, அண்ணன் மூக்கிலும் வாயிலும் வைத்து அழுத்தினார். பை சுருங்கியதும் அடுத்த பை. அதற்கடுத்த பை. ஒரு பைகூடத் தவறவில்லை. தினமும் செய்கிற வேலை. "மூச்சு விடுங்க. நல்ல காத்துங்க. விடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் பால்கனிக்கு ஓடிப் படகைப் பார்த்துக் கத்தினேன். படகு வருவதற்குள் அறை முழுக்கப் பைகளாகக் கிடந்தன.

படகில் ஏற்றியபோதே உயிர் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

எங்கள் இருவரையும் படுக்கவைத்து ஆக்சிஜன் வைத்தார்கள். சுவரில் ஒரு சின்ன பாட்டிலில் தண்ணீர். அதன் வழியாகக் குமிழி குமிழியாக வந்துதான் காற்று எங்கள் மூக்குக்குப் போனது. பக்கத்துக் கட்டிலில் அக்கா கழுத்தைத் திருப்பி, கண் கொட்டாமல் அந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் வந்து பேசினாலும் திரும்பவில்லை.

இறாலுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று அவர் கேட்டது அங்கேதான். பணியில் இருந்த தமிழ் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். எஞ்சின் புகையில் நிறமும் மணமும் இல்லாத ஒரு வாயு இருக்கிறது. மனித ரத்தத்தின் சிவப்பு அதைப் பிடித்துக்கொண்டால் விடாது, மூச்சுக் காற்றுக்கு இடமே இருக்காது. தோல்கூடச் சிவந்து தெரியும். இறாலின் ரத்தம் வேறு. அதில் இரும்புக்குப் பதில் செம்பு. நீல ரத்தம். அந்த வாயு அதை அவ்வளவாகப் பிடிக்காது.

"அதுங்களுக்கும் நமக்கும் ஒரே காத்துத்தானே டாக்டர்?" என்றார் அக்கா.

"காத்து ஒண்ணுதான்மா. ரத்தம் வேற."

அக்கா திரும்பவும் அந்த பாட்டிலைப் பார்க்கத் தொடங்கினார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்தவர்கள் போன பிறகு மாடிக்குப் போனேன். மின்சாரம் வந்திருந்தது. பம்புகள் உறுமிக்கொண்டிருந்தன. அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். முட்டை சுமந்த இறால்கள் குஞ்சு பொரித்திருந்தன. கண்ணாடியில் மூக்குப் பொடி தூவியது போலக் குஞ்சுகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"ஒண்ணுகூட சாகல" என்றார். அந்தக் குரலில் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை. நான் கீழே இறங்கி வந்துவிட்டேன். அந்த மாதத்தோடு அறையைக் காலி செய்துவிட்டேன்.

இப்போது ஜோகூர் பாருவில் இருக்கிறேன். தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறேன். ஆண்டு முழுவதும் அக்காவிடமிருந்து எந்தச் செய்தியும் வராது. மழைக்காலம் பிடித்தால் மட்டும் ஃபோன் வரும். நலம் விசாரிக்க மாட்டார், பசியாறிட்டியா என்றுகூடக் கேட்க மாட்டார். ஒரே கேள்விதான்.

"தலை வலிக்குதாம்மா?"

"இல்லக்கா" என்பேன். "சரி" என்று வைத்துவிடுவார். எனக்கு மட்டுமல்ல, பக்கத்து வீட்டம்மா, தபால்காரர், கடைக்காரர் என்று எல்லாரையும் அப்படித்தான் கேட்கிறாராம். கொஞ்சம் புத்தி பிசகிவிட்டது என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முன்பு இறாலைக் கேட்டார், இப்போது மனிதர்களைக் கேட்கிறார். நான்தான் ஒவ்வோர் ஆண்டும் அன்று பொய்யாகச் சொன்ன அதே பதிலை, அதே குரலில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த ஆண்டு முதல் பெருமழை அன்று மாலை, வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் ஃபோன் வந்தது.

"தலை வலிக்குதாம்மா?"

உண்மையிலேயே வலித்தது. பாலத்தில் மூன்று மணி நேரம் பஸ்ஸில் நின்று வந்த வலி.

"வலிக்குதுக்கா" என்றேன்.

"வெளிய போ." குரல் அறைந்தது. "கதவத் தெற. செருப்பெல்லாம் தேடாத. இப்பவே வெளிய போ!"

போனேன். வாசலில் மழை கொட்டியது. ஃபோனை முந்தானையால் மூடிக்கொண்டு நின்றேன். அப்படி நின்றபோது, இத்தனை ஆண்டுகளாகத் தொண்டையில் இருந்தது தானாக வெளியே வந்துவிட்டது.

"அக்கா, அன்னைக்கும் வலிச்சிச்சு. நீங்க கேட்டப்ப எனக்கு வலிச்சிச்சு. நான் பொய் சொல்லிட்டேன்."

மறுமுனையில் குமிழி உடையும் சத்தம் மட்டும் கேட்டது. எத்தனை பம்புகள் என்று எண்ணிவிடலாம் போல அவ்வளவு தெளிவாகக் கேட்டது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"நீ வலிக்குதுன்னு சொல்லியிருந்தாலும், நான் இன்னொரு தடவ தொட்டியத்தான் பாத்திருப்பேன்" என்றார் அக்கா.

என்னை மன்னிப்பதற்காக அப்படிச் சொன்னாரா, இல்லை அதுதான் உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை. அக்கா ஃபோனை வைக்காமல் காத்திருந்தார்.

"வெளிய வந்துட்டியா?"

"வந்துட்டேன்க்கா. மழையிலதான் நிக்கறேன்."

"நில்லு" என்றார். "வலி போற வரைக்கும் நில்லு. போனதும் சொல்லு. நான் இருக்கேன்."